கொலுசு கழல்கிறது, வாந்தி நிற்கவில்லை: ஏற்காட்டு அம்மாவுக்கு ஒரு பதில்

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். தினமும் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் சேலம் போய் வருகிறாள். நாலு மாதமாக வாந்தி. முதலில் பஸ்ஸில்தான் எடுத்தாள், கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பினோம். இப்போது வீட்டிலும் எடுக்கிறாள். சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் வருகிறது, சில நாள் பச்சையாகக் கசக்கிறது என்கிறாள். குப்புறப் படுத்தால் கொஞ்சம் அடங்குகிறது. ஜூனில் 47 கிலோ இருந்தவள் இப்போது 39. ரெண்டு மாதமாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. கேஸ் மாத்திரை, அல்சர் மருந்து எல்லாம் கொடுத்தாயிற்று. என் அம்மா சொல்லி, வயிற்றில் சிக்கியதை வாயால் உறிஞ்சி எடுக்கிற தொக்கமும் ரெண்டு தடவை எடுத்தோம். பக்கத்து வீட்டில், இளைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறாள் என்கிறார்கள். போன தீபாவளிக்கு வாங்கின கொலுசு காலில் நிற்காமல் கழன்று விழுகிறது, ஒரு கண்ணி குறைத்து மாட்டலாமா என்று யோசிக்கிறேன். இது நிஜ வியாதியா, நடிப்பா?

பதில்: அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் கடைசியாகக் கேட்டிருப்பதை நான் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், ஏனென்றால் நாளைக்குக் காலையில் முதல் வேலையாக நீங்கள் செய்ய வேண்டியது வேறு. மலையிலேயே பக்கத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் விரலில் குத்தி சர்க்கரை பாருங்கள். அஞ்சு நிமிஷ வேலை, காசும் கிடையாது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 200-க்கு மேல் காட்டினால் அங்கிருந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டாம், நேரே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடுங்கள். தாகம் அதிகமா, ராத்திரி எழுந்து எழுந்து சிறுநீர் போகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் இல்லை என்று நான் எடுத்துக்கொள்ள முடியாது.

இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. தொழிலுக்கு வந்த புதிதில், 14 வயதுப் பையன் ஒருவனை மலைக் கிராமத்திலிருந்து கூட்டி வந்தார்கள், வயிற்று வலி, வாந்தி, ஆள் வேறு இளைத்திருந்தான். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, இது வயிற்றுப் புண்தான் என்று வாந்திக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் ராத்திரி திரும்பக் கொண்டு வந்தபோது பையன் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான், ஓடி வந்தவன் மாதிரி, ஆனால் படுத்துத்தான் இருந்தான். பக்கத்தில் குனிந்தால் கனிந்த பழ வாசனை. சர்க்கரை பார்க்கிற மெஷின் எண்ணே காட்டவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. அந்த வயசில் வருகிற முதல் வகைச் சர்க்கரை நோய், இன்சுலினே சுரக்காமல் போய் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்துத் தின்ன ஆரம்பித்துவிடும், அந்தப் புகைச்சலில் ரத்தம் அமிலமாகி வாந்தியும் வயிற்று வலியும் வரும். பையன் பிழைத்துவிட்டான், இப்போது இன்சுலின் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். அன்றிலிருந்து வாந்தியும் எடைக் குறைவும் சேர்ந்து வருகிற எந்தப் பிள்ளைக்கும் சர்க்கரை பார்க்காமல் நான் அடுத்த வார்த்தை பேசுவதில்லை.

சரி, சர்க்கரை சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது பஸ் விஷயம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும், அந்தக் குழப்பத்தில் வாந்தி வருவது உண்மை. ஆனால் அந்த வாந்தி அடிவாரம் வந்து கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், மத்தியானம் டிபன் பாக்ஸைக் காலி பண்ணிவிட்டு வருவாள். பஸ் வாந்தியில் யாருக்கும் எட்டு கிலோ குறையாது. 47-இல் எட்டு என்பது ஆறில் ஒரு பங்கு அம்மா. அதுவும் வளர்கிற வயசு, எடை ஏறாமல் அப்படியே நின்றாலே நாங்கள் என்னவென்று கேட்கிற வயசு. பஸ் ஏறாத ஞாயிற்றுக்கிழமையிலும் வாந்தி எடுத்தாளா என்று நினைத்துப் பாருங்கள். எடுத்திருந்தால் எலுமிச்சம்பழத்தை அன்றைக்கே ஊறுகாய்க்கு அனுப்பியிருக்கலாம்.

வாந்தியில் எவ்வளவு வந்தது என்பதை எல்லாரும் சொல்வார்கள், எப்போது வந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உதவியாக இருந்த மூன்று விஷயம்: முக்கால் மணி நேரம், பச்சை நிறம், குப்புறப் படுத்தால் அடங்குவது. பச்சை என்பது பித்தம். பித்தம் இரைப்பையைத் தாண்டித்தான் சிறுகுடலில் வந்து விழுகிறது. வெறும் வயிற்றில் நாலைந்து தடவை ஓங்கரித்தால் யாருக்கும் பச்சையாக வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சாப்பிட்ட சாப்பாட்டோடு சேர்ந்து பச்சையாக வருகிறது என்றால் பித்தம் விழுகிற இடத்துக்குக் கீழே எங்கேயோ வழி அடைபடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கேஸ் மாத்திரையும் அல்சர் மருந்தும் அமிலத்தைக் குறைக்கும், அடைப்பை என்ன செய்யும்?

குப்புறப் படுப்பது ஒரு குறிப்பிட்ட கோளாறை ஞாபகப்படுத்துகிறது. இரைப்பையை அடுத்து வருகிற சிறுகுடலின் முதல் பகுதி, முதுகெலும்பை ஒட்டி இறங்குகிற பெரிய ரத்தக்குழாய்க்கும் அதிலிருந்து முன்பக்கமாகப் பிரிந்து குடலுக்குப் போகிற இன்னொரு ரத்தக்குழாய்க்கும் நடுவில் புகுந்து போகிறது. கத்தரிக்கோலின் ரெண்டு அலகுக்கு நடுவில் ஒரு ரப்பர் குழாய் போகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அலகுகள் நெருங்காமல் பிடித்து வைத்திருப்பது அங்கே இருக்கிற கொஞ்சம் கொழுப்பு. எந்தக் காரணத்தாலோ ஒரு பிள்ளை சட்டென்று இளைத்தால், அல்லது எடை ஏறாமல் உயரம் மட்டும் மளமளவென்று வளர்ந்தால், அந்தக் கொழுப்பு கரைந்து அலகு நெருங்கிக் குழாய் நசுங்கும். சாப்பிட்டால் வயிறு உப்பும், வலிக்கும், வாந்தி வரும். குப்புறவோ இடது பக்கமாகவோ படுத்தால், அல்லது முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டால் அலகு விலகும், கொஞ்சம் நிம்மதி. இதில் கொடுமை, இளைத்ததால் வாந்தி வருகிறது, வாந்தி எடுப்பதால் இன்னும் இளைக்கிறாள், ஒரு செக்கு மாதிரி அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மருந்து ஊற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஆபரேஷன்கூட வேண்டியதில்லை, நசுங்கின இடத்தைத் தாண்டி மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் போட்டு உணவு கொடுத்து எடையை ஏற்றினாலே பலருக்கு வழி திறந்துவிடும். உங்கள் மகளுக்கு இதுதான் என்று நான் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை. இது இருந்தாலும்கூட, முதலில் அவள் ஏன் இளைத்தாள் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அந்தக் கேள்விக்கு நம் ஊரில் நான் முதலில் தேடுவது குடல் டி.பி. இருமலே இல்லாமல் டி.பி. வரும் என்றால் பலர் நம்புவதில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சேர்கிற வலது அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டு குடலைச் சுருக்கும். சாயங்காலம் லேசான காய்ச்சல், ராத்திரி வியர்வை, பசியின்மை, வயிற்றுக்குள் கடமுட சத்தம், வலி வந்து வந்து போவது. இதே இடத்தில் இதே மாதிரி புண் போடுகிற இன்னொரு நோய் க்ரோன். ரெண்டும் ஒன்றுபோலவே இருக்கும், எண்டோஸ்கோப்பில் பார்த்துத் துண்டு எடுத்து அனுப்பியும் சில சமயம் டாக்டர்களே தலையைச் சொறிவோம். ஆனால் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும், க்ரோனுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டை டி.பி.க்குக் கொடுத்தால் டி.பி. உடம்பெல்லாம் பரவிவிடலாம். டி.பி. என்று உறுதியானால் பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாத மருந்து, அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது, சத்துணவுக்கு என்று பேங்க் கணக்கில் பணமும் போடுகிறார்கள். வீட்டில் யாருக்காவது முன்பு டி.பி. இருந்ததா, நீண்ட நாள் இருமுகிற தாத்தா யாராவது இருக்கிறாரா என்று கேட்பார்கள், வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தொக்கத்துக்கு வருகிறேன். எடுத்தவர் ஒரு சின்னக் கறித்துண்டோ முடிச்சுருளோ துப்பிக் காட்டியிருப்பார். சேலம், தருமபுரிப் பக்கம் இது புதுசில்லை, என் சொந்த அத்தையே என்னிடம் மருந்து வாங்கிக்கொண்டு போகிற வழியில் தொக்கமும் எடுத்துவிட்டுத்தான் வீடு போய்ச் சேருவார், அதனால் உங்கள் அம்மாவை நான் திட்டப்போவதில்லை. ஆனால் வாய் வழியாக உறிஞ்சி எடுக்கிற எதுவும் குடலிலிருந்து வந்ததில்லை. இதில் ஒரு வேடிக்கை, முடி நிஜமாகவே வயிற்றில் அடைக்கிற நோய் ஒன்று இருக்கிறது. தன் முடியைத் தானே பிய்த்து மென்று விழுங்குகிற பழக்கம் சில பெண்பிள்ளைகளுக்கு, மனசில் ஏதோ அழுத்தம் இருக்கும்போது வரும். முடி செரிக்காது, வெளியேயும் போகாது, சேர்ந்து சேர்ந்து இரைப்பை வடிவத்திலேயே ஒரு பந்தாகிவிடும். மேல்வயிற்றில் கையை வைத்தால் கல் மாதிரித் தட்டுப்படும். அதை உறிஞ்சி எடுக்க யாராலும் முடியாது, ஆபரேஷன்தான். தலையில் ஒரு பக்கம் மட்டும் முடி மெலிந்து திட்டாக இருக்கிறதா என்று தலை சீவி விடும்போது பாருங்கள், கேட்காமல் பாருங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, எடுத்ததும் தலைவலி குறைகிறது, நடை தள்ளாடுகிறது, ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்றால் அது வயிற்று நோயே இல்லை, மூளைக்குள் அழுத்தம், கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தாலே பல சமயம் சந்தேகம் வந்துவிடும், தலை ஸ்கேன் அன்றைக்கே எடுக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறாள், நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்றால் தைராய்டு. உடம்பு கறுத்துக்கொண்டே வருகிறது, ஈறும் உள்ளங்கை ரேகையும்கூடக் கறுக்கிறது, வெறும் உப்பைத் தொட்டு நக்குகிறாள் என்றால் சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி வேலை செய்யவில்லை. மாங்காய் காலத்தில் நம் பிள்ளைகள் எல்லாம் உப்பு நக்கும்தான், கறுப்போடு சேர்த்துப் பார்த்தால் மட்டும் யோசியுங்கள். மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து, மலம் எண்ணெய் மிதக்கிற மாதிரிப் போனால் கணையம். விழுங்கின சோறு வயிற்றுக்கே போகாமல் செரிக்காமல் அப்படியே திரும்பி வருவது, ராத்திரி தலையணை நனைவது, படுத்தால் இருமல் என்றால் உணவுக்குழாயின் கீழ்வாசல் திறக்கவில்லை. வாந்திக்கு முன்னால் குமட்டலே இல்லாமல், சாப்பிட்ட சில நிமிஷத்திலேயே சுலபமாக வாய்க்கு வந்துவிடுகிறது, சில சமயம் திரும்ப விழுங்கிவிடுகிறாள் என்றால் அது தசைப் பழக்கம், மூச்சுப் பயிற்சியிலேயே சரியாகும். மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கிற சிறுநீரகக் கோளாறுகூட வெறும் வாந்தியாகத்தான் முதலில் தலைகாட்டும், யூரியா, கிரியாட்டினின் பார்த்தால் போதும்.

மாதவிடாய் நின்றதைப் பற்றி. இவ்வளவு இளைத்தால் அது தானாகவே நிற்கும், உடம்பு சிக்கனம் பிடிக்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை பண்ணுவார்கள், வயசுக்கு வந்த எந்தப் பெண் வாந்தியோடு வந்தாலும் பண்ணுவதுதான், ஸ்கேனுக்கு அனுப்புவதற்கு முன்னால் எப்படியும் வேண்டும். என் பொண்ணைப் போய் இப்படி நினைக்கிறீர்களா என்று அங்கே சண்டைக்கு நிற்காதீர்கள். ஒருவேளை இருந்துவிட்டால், அந்த வயசில் அது அவளுக்கு யாரோ செய்த குற்றம், 2012 போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அப்போது அவள் பக்கம் நிற்க வேண்டிய முதல் ஆள் நீங்கள்தான்.

இப்போது பக்கத்து வீட்டார் சொன்னது. வேண்டுமென்றே எடுக்கிறாளா என்றால், எடுக்கலாம், அப்படியும் பிள்ளைகள் உண்டு, பையன்களிலும் உண்டு. ஆனால் அதை நடிப்பு என்று சொல்லாதீர்கள் அம்மா. விரலை விட்டு வாந்தி எடுத்தே தீர வேண்டும் என்று ஒரு பிள்ளையை உள்ளே இருந்து ஏதோ பிடித்து ஆட்டுகிறது என்றால் அதுவும் நோய்தான், வாந்தியில் பொட்டாசியம் போய் இதயத் துடிப்பே தடுமாறுகிற அளவுக்கு ஆபத்தான நோய். சாப்பிட்ட உடனே பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாளா, வலது கை விரல் முட்டியில் பல் பட்டுக் காய்ப்பு இருக்கிறதா, காதுக்குக் கீழே ரெண்டு கன்னமும் பொன்னுக்குவீங்கி மாதிரிப் புடைத்திருக்கிறதா, முன்பல் உள்பக்கம் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறதா, இதெல்லாம் அடையாளம். நீங்கள் எழுதியதில், முக்கால் மணி நேரம் காத்திருந்து குப்புறப் படுத்து அவதிப்படுகிறவள் அந்தப் படத்துக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் அபிப்பிராயம். அப்படியே இருந்தாலும், இது ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகாது. சாப்பாட்டை வெறுத்து இளைத்து, அதனால் நான் முன்னால் சொன்ன கத்தரிக்கோல் நசுக்கலும் சேர்ந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் உடம்பா மனசா என்று பட்டிமன்றம் வைக்காமல் ரெண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

டாக்டர் உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசுவார், பேச வேண்டும். பேசவில்லையென்றால் நீங்களே "அவளோட தனியா ஒரு வார்த்தை பேசுங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். பிளஸ் ஒன் பாரம், பஸ்ஸில் யாராவது தொல்லை கொடுக்கிறார்களா, வகுப்பில் யாராவது உடம்பைச் சொல்லிக் கிண்டல் பண்ணினார்களா, இளைக்க ஏதாவது மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாளா, கோபத்தில் பாத்ரூம் கழுவுகிற எதையாவது குடித்துவிட்டு மறைத்தாளா (சில சமயம் குடித்த அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாமல், வாரக்கணக்கில் கழித்து வழி சுருங்கி வாந்தி ஆரம்பிக்கும்), இதெல்லாம் அம்மா பக்கத்தில் இருக்கும்போது வராது. என் அனுபவத்தில் முதல் பத்து நிமிஷம் "ஒண்ணுமில்ல சார்", பதினோராவது நிமிஷம்தான் கண் கலங்கும். வீட்டில் நீங்கள் துருவ வேண்டாம். யாரிடமாவது பேச வேண்டும் என்று அவளுக்கே தோன்றினால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் சாப்பாடு. நெஞ்சு பதைக்கிறது என்று ஒரேயடியாக ரெண்டு தட்டு ஊட்டாதீர்கள். நாள்பட்டு இளைத்த உடம்பில் திடீரென்று நிறையக் கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும், அதனால் எடை ஏற்றுவது டாக்டர் கண்பார்வையில் படிப்படியாக. அதுவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் ஜவ்வரிசிக் கஞ்சியோ மோர் சாதமோ, குடித்ததும் இடது பக்கமாகக் கொஞ்ச நேரம் படுக்கட்டும். ஜவ்வரிசிக்குச் சேலத்துக்காரர்களுக்கு நான் சிபாரிசு பண்ண வேண்டியதில்லை. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டாம், அது அடைப்பை மறைத்துவிடும்.

வாந்தியில் ரத்தமோ காபித்தூள் மாதிரியோ வந்தால், வயிறு உப்பிக் காற்றுக்கூடப் பிரியாவிட்டால், எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டால், மயக்கமோ உளறலோ வேகமூச்சோ இருந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இல்லையென்றால், சர்க்கரை பார்த்த கையோடு இந்த வாரமே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாருங்கள். காலையில் ஓ.பி. சீட்டு எடுக்க முதல் பஸ்ஸுக்கே இறங்கிவிடுவது நல்லது, கூட்டம் தெரியும்தானே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்து வாருங்கள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டில், இன்றைக்கு ராத்திரியிலிருந்தே, என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் கழித்து வாந்தி, என்ன நிறம், எப்படிப் படுத்தால் அடங்கியது, காய்ச்சல் இருந்ததா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அவளையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. அங்கே இருக்கிற இளம் டாக்டருக்கு உங்களோடு செலவழிக்க அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும், அந்த நோட்டு பேசட்டும். ரத்தம், அதில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற ஈ.எஸ்.ஆர்., உப்புச் சத்துக்கள், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியும் சி.டி.யும், இந்த வரிசையில் போகும். "அல்சர்தான், மாத்திரை போடுங்க" என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால், "எட்டு கிலோ குறைஞ்சிருக்கு டாக்டர்" என்று அந்த ஒரு வரியை மட்டும் நகராமல் நின்று திரும்பச் சொல்லுங்கள்.

கொலுசைச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணி குறைக்க வேண்டாம். கழற்றி ஒரு துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள், ஸ்கேன் ரூமில் எப்படியும் கழற்றத்தான் சொல்வார்கள்.